212ஆம் கசெட்டை நிறுத்தியவர்

செப்டெம்பர் 9, திங்கள்

முதல் நாள். நான்கு மாடி. லிப்ட் இல்லை.

எத்தோரே லமார்த்தினாவின் முதல் இசைத்தட்டில், 1963, லிப்ட்டில் மாட்டிக்கொண்ட இருவர் சண்டை பிடித்துச் சமாதானமாகும் பாட்டு ஒன்று உண்டு. பலெர்மோவின் கிழவர்கள் இன்னும் அதை முணுமுணுக்கிறார்கள். அதை எழுதியவர் நாற்பது வருடம் இந்தப் படிகளில் ஏறினார் என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தவர் அவர் மகள் ஒர்னெல்லா. அறுபது இருக்கும். என் பேராசிரியரின் கடிதத்தை வாசிக்காமலே மேசையில் வைத்தார்.

"படித்த தமிழா, பேசுகிற தமிழா?"

"இரண்டும்."

"நல்லது. இது பேசுகிறது."

(அவருடன் கதைப்பது இத்தாலியனில். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.)

லமார்த்தினா விட்டுப்போனவை: ஒன்பது நாடகங்கள், நான்கு இசைத்தட்டுகள், 212 கசெட்டுகள். 1994இல் தொண்டை அறுவைச் சிகிச்சை. அதன்பின் பாட முடியவில்லை. எழுதுவதையும் விட்டார். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தபடி நாடகத்தைப் பேசினார். வீட்டுக்கு வந்தவர் எவரோ அவரே எதிர்ப் பாத்திரம். தபால்காரர். குழாய் திருத்த வந்தவர். ஒரே விதி: அவர் கருவியை நிறுத்தும் வரை எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு கசெட்டின் மேலும் அவர் கையெழுத்தில் மூன்று வரி: தேதி, தொடங்கியவர், நிறுத்தியவர். இரண்டு இடத்திலும் எ.ல. எப்போதும் எ.ல.

கடைசி நாடகம் 196 முதல் 212 வரை. அவற்றில் ஒரு பெண் தமிழில் பேசுகிறாள். எழுதி மொழிபெயர்க்க வேண்டும். 27ஆம் தேதி அச்சகத்துக்குப் போகிறது.

ஒர்னெல்லா 196ஐப் போட்டார். நாற்பது நொடி கேட்டேன்.

"என்ன, புரியவில்லையா?"

"புரிகிறது. ஒலி கொஞ்சம் மங்கல்."

ஒலி மங்கலாக இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, புது வேலை எப்பிடி?" என்றார். அதே குரல். பதினெட்டு வருடம் கூடுதலாக.

செப்டெம்பர் 10, செவ்வாய்

அம்மா எப்போதோ ஒரு பாட்டுக்கார ஐயா வீட்டில் வேலை செய்ததாகத் தெரியும். பெயர் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. அப்போது நான் யாழ்ப்பாணத்தில், சின்னம்மாவை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாடகம் இது. பல்கனி ஓரம் ஒரு கதிரை. அதில் உட்கார்ந்தபடி கிழவன் தினமும் சாகிறான், அதாவது நடிக்கிறான், மனைவி அழுகிறாளா என்று பார்க்க. அவன் மொழி அவளுக்குத் தெரியாது, அவள் மொழி அவனுக்கு. அவள் அழுவதில்லை. ஏசுகிறாள்.

மனைவிக்கு வசனம் எதுவும் தரப்படவில்லை. "உன் மொழியில் ஏசு. நான் நிறுத்தும் வரை" என்று மட்டும் 196இன் தொடக்கத்தில், குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொல்கிறார்.

இன்று எழுதியதிலிருந்து:

"எழும்பும் காணும். வடிவாத்தான் சாகிறீர். காலிலை சொக்ஸ் ரெண்டும் ரெண்டு நிறம். இப்பிடிப் போனா மேலை ஒருத்தரும் உள்ளுக்கு எடுக்க மாட்டினம்."

அதற்குப் பிறகு அவர் சிரிப்பு. ஒரு சொல்லும் புரியாமல், சரியான இடத்தில். அம்மாவும் சிரிக்கிறார். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை.

ஒர்னெல்லா ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே நீல ரப்பர் செருப்பு, ஒரு சோடி.

"அப்பா செத்த அன்று வாசலில் கிடந்தது. ஒருத்தி கீழே காவல்காரர் கதவைத் தட்டிவிட்டு வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். யாரென்று தெரியாது என்றார் காவல்காரர். அவரும் போய்விட்டார்."

"நீங்கள்..."

"நான் அப்போது வடக்கே தூரின் நகரில். அப்பாவும் நானும் ஆறு வருடம் பேசவில்லை. எழுபத்திரண்டு வயதில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள் என்று கோபப்படுவதா பெருமைப்படுவதா, எனக்கு இன்னும் தெரியவில்லை."

பிறகு 212ஐ என் கையில் வைத்தார். 2001 மார்ச் 6. தொடங்கியவர் எ.ல. நிறுத்தியவர் என்ற இடம் காலி.

"நாற்பத்தைந்து நிமிட நாடா. பதினொன்றில் நின்றிருக்கிறது. செத்தவர் நிறுத்தமாட்டார். அவள் அந்த அறையில் இருந்தாள்." பெட்டியை மூடினார். "என்ன பேசினாள் என்று நீங்கள் எனக்குச் சொல்லப் போகிறீர்கள்."

என் பெயர் ஆரணி சிவபாதம். அம்மா யோகராணி நாகலிங்கம். எங்கள் முறைப்படி இரண்டாவது பெயர் அவரவர் தகப்பனுடையது. ஒர்னெல்லாவுக்கு அதில் எந்தத் துப்பும் கிடைக்காது. அதை இன்று இரண்டு தரம் நினைத்துப் பார்த்தேன்.

செப்டெம்பர் 12, வியாழன்

207 முடிந்தது. ஒர்னெல்லாவுக்கு வாசித்துக் காட்டினேன்:

"நேற்றும் செத்தனீர். முந்தநாளும் செத்தனீர். இண்டைக்காவது ஒழுங்காச் சாவும், நான் பாண் வாங்கப் போகோணும்."

ஒர்னெல்லா மேசையில் தட்டிச் சிரித்தார். "இவள் நடிகை. அப்பா பொறுக்கி எடுத்திருக்கிறார்." அந்த வரியைப் புத்தகத்தின் பின்னட்டையில் போடலாமா என்று யோசிக்கிறார்.

அம்மா பேக்கரி வரிசையில் நின்று பாண் வாங்குவதை வழியில் கண்டேன். எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தேன்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

அம்மாவுடன் பெல்லெக்ரீனோ மலை. நகரின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் கோயிலுக்கு. இந்த ஊர்த் தமிழர் சைவமோ கிறிஸ்தவமோ பார்ப்பதில்லை, ஞாயிறு காலையில் ஏறுகிறார்கள். அம்மா பதினெட்டு வருடமாக வெறுங்காலுடன் ஏறுகிறார். என்னை இங்கே கூப்பிட வைத்த நேர்த்திக்கடன் என்று நான் நினைத்திருந்தேன். நான் வந்தது 2004இல். அதற்குப் பிறகும் ஏறுகிறார்.

30ஆம் தேதி காலை பத்து மணிக்கு நகரசபையில் அம்மாவுக்குக் குடியுரிமை உறுதிமொழி. ஒரே வாக்கியம். அதைச் சொல்லிக்கொண்டே ஏறினார். நான் உச்சரிப்பைத் திருத்தினேன்.

"மைக் இருக்குமோ பிள்ளை?"

"இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

"மைக்குக்குப் பயமே? சந்தையிலை கத்திறீங்கள் தானே."

"சந்தை வேறை."

செப்டெம்பர் 18, புதன்

212.

00:00 கதிரை இழுபடும் சத்தம். வழக்கமான தொடக்கம்.
03:20 அவர்: "பல்கனியைத் திற. காற்று இல்லை." இது நாடகத்தில் உள்ள வசனம். எல்லாக் கசெட்டிலும் சொல்கிறார்.
04:15 அவர் மறுபடியும்: "காற்று இல்லை." இரண்டு தரம் சொல்வது நாடகத்தில் இல்லை.
05:05 அம்மா: அந்த வரி. "இண்டைக்காவது."
05:11 இருமல்.
05:40 மூச்சு. அம்மா: "காணும், எழும்பும்."
06:30 அம்மா: "ஐயா? நடிக்கிறியளோ?"
07:10 மூச்சு கேட்கவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள். நிச்சயமாகச் சொல்ல முடியாது.
07:10 முதல் 11:32 வரை அம்மா பேசுகிறார். அதை இன்று எழுதவில்லை.
11:32 டக்.

ஐந்து தரம் கேட்டேன். கருவி காட்டும் நேரங்களில் தவறு இல்லை.

செப்டெம்பர் 19, வியாழன்

பாண் வாங்கினேன்.

செப்டெம்பர் 20, வெள்ளி

சட்டபீட நூலகம். ஆபத்தில் இருப்பவரை விட்டுப்போவது பற்றிய பிரிவு. இருமுறை வாசித்தேன். பதினெட்டு வருடத்தில் காலாவதி ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்பு போதாது. அருகில் இருந்த சட்ட மாணவனிடம் "நாடகம் எழுதுகிறேன்" என்று சொல்லிக் கேட்டேன். "குடியுரிமைக்கு நன்னடத்தை பார்ப்பார்கள். உங்கள் பாத்திரத்துக்கு வாயை மூடச் சொல்லுங்கள்" என்றான்.

அப்போது அம்மாவிடம் விசா இல்லை. அதனால் ஓடினார். வேறு காரணம் இருக்க முடியாது.

செப்டெம்பர் 21, சனி

சுற்றி வளைத்துக் கேட்டேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டுக்கார ஐயா எப்பிடி ஆள்?"

குழாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"நல்ல மனுசன். என்னை ஏச விட்டவர். இந்த ஊரிலை வேறை ஆர் என்னை ஏச விட்டது?"

"அங்கை வேலையை ஏன் விட்டனீங்கள்?"

"அவர் செத்துப்போனார்." தட்டைத் துடைத்தார். "நீ ஏன் மெலிஞ்சு போனாய்? ஒழுங்காச் சாப்பிடு."

அந்த ‘ஒழுங்கா'வைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

செப்டெம்பர் 23, திங்கள்

212ஐக் கொடுத்தேன். 05:05இல் [தெளிவில்லை]. 06:30இல் [தெளிவில்லை]. 07:10க்குப் பிறகானதை ‘பாத்திரத்தின் தனிப்பட்ட பேச்சு, கதையுடன் தொடர்பற்றது' என்று ஒரே வரியில் முடித்தேன்.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு பற்றி மூன்றாம் வருடத்தில் நாற்பது பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

ஒர்னெல்லா தாள்களை வாங்கி, "நன்றி" என்று மட்டும் சொன்னார்.

செப்டெம்பர் 25, புதன்

வரச் சொல்லி அழைப்பு. போனபோது மேசையில் இரண்டு கருவிகள்.

"உட்காருங்கள்" என்றார். "என் அப்பா எனக்குச் சொத்து எதுவும் தரவில்லை. காது தந்தார்."

முதல் கருவியை அழுத்தினார். 212. 05:05. அந்த வரி. நிறுத்தினார். இரண்டாவதை அழுத்தினார். 207. அதே வரி. அதே ஏற்றம், அதே இறக்கம். மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது.

"எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்று என்று தெரியும். 207இல் இதற்கு நீங்கள் எழுதியது இருக்கிறது." பன்னிரண்டாம் தேதி நான் கொடுத்த தாளைத் தள்ளினார். பென்சிலால் அடிக்கோடு. "‘இன்றாவது ஒழுங்காகச் செத்துப்போ.' அன்று நான் சிரித்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

நான் தாளைத் திருப்பி வைத்தேன்.

"இவள் என் அப்பாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்கிறாள். அவர் செத்துக்கொண்டிருந்தபோது. அதை என்னிடமிருந்து மறைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? யார் இவள் உங்களுக்கு?"

வேறு பதில்கள் தயாராக வைத்திருந்தேன்.

"அம்மா."

ஒர்னெல்லா இரண்டு கருவிகளையும் அணைத்தார். ஒன்று ஏற்கெனவே அணைந்திருந்தது. மறுபடி அழுத்தினார்.

"வெள்ளிக்கிழமை கூட்டிவாருங்கள்" என்றார். "வராவிட்டால் நான் வருவேன்."

செப்டெம்பர் 26, வியாழன்

சொன்னேன். வேலை, கசெட், 212, ஒர்னெல்லா. உறுதிமொழி முடியும் வரை தள்ளிப்போடலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்றேன்.

அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்தார்.

"கசெட் கிடக்கே இன்னும்?"

"கிடக்கு."

"நான் நினைச்சன் நான் நிப்பாட்டினதிலை அழிஞ்சுபோச்செண்டு. அவரைத் தவிர ஒருத்தரும் தொடக்கூடாது அதை." தோலை அள்ளிக் குப்பையில் போட்டார். "முழுக்கக் கேட்டனியே?"

"ஓம்."

"கடைசி மட்டும்?"

"ஓம்."

என்னைப் பார்க்காமல், "அப்ப உனக்கும் தெரியும்" என்றார். "எத்தினை மணிக்கு வரட்டாம்?"

செப்டெம்பர் 27, வெள்ளி

நான்கு மாடி. மூன்றாவதில் அம்மா நிற்கவில்லை. நான் நின்றேன்.

வாசலில் நீலச் செருப்பு வைக்கப்பட்டிருந்தது. ஒர்னெல்லாவின் சோதனை. அம்மா தன் சப்பாத்தைக் கழற்றினார். செருப்பைப் பார்த்தார். காலை அதற்குப் பக்கத்தில் வைத்து அளந்தார்.

"இது இப்ப எனக்குக் கொள்ளாது" என்றார் என்னிடம். பிறகு உள்ளே போய், கேட்காமலே பல்கனிக் கதவைத் திறந்தார்.

ஒர்னெல்லா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோப்பி இல்லை. குசலம் இல்லை. கருவியை அழுத்தினார்.

அம்மா கைகளை மடியில் வைத்துக் கேட்டார். அந்த வரி வந்தது. முகத்தை மூடவில்லை. அதற்கடுத்த ஒலியில் கை உயர்த்தினார். ஒர்னெல்லா நிறுத்தினார்.

"இதிலை நீ என்ன எழுதினனி?"

"இருமல்."

"இருமலோ? சிரிச்சவர்." இத்தாலியனுக்கு மாறினார். அம்மாவின் இத்தாலியன் சந்தை இத்தாலியன், வினைச்சொற்கள் எல்லாம் நிகழ்காலத்தில். "அவர் சிரிக்கிறார். எல்லா நாளும் இந்த இடத்தில் சிரிக்கிறார். இன்றைக்கும் சிரிக்கிறார். அதனால் நான் நிறுத்தவில்லை."

ஒர்னெல்லா மறுபடி போட்டார். மறுபடி. மூன்றாம் தரம் காதைக் கருவியின் மேல் வைத்து.

"எனக்கு இருமலாகத்தான் கேட்கிறது."

"நீங்கள் கேட்கிறீர்கள். நான் பார்க்கிறேன்."

கீழே ஒரு பேருந்து திரும்பியது. பல்கனிக் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார் ஒர்னெல்லா. குரல் உயரவில்லை. "பேச்சை நிறுத்திவிட்டு ஒரு எண். மூன்று இலக்கம்."

"அம்மாவிடம் அப்போது விசா இல்லை" என்று நான் தொடங்கினேன்.

"அதைச் சொல்லாதை." அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "விசா இல்லாட்டிலும் ஒரு போன் எடுத்திருக்கலாம்." பிறகு ஒர்னெல்லாவிடம் ஒரு சொல்: "ஆம்."

ஒர்னெல்லா காத்திருந்தார். பதினெட்டு வருடம் யாரையோ ஏசத் தயாராக இருந்தவர், எதிரில் மறுப்பதற்கு யாரும் இல்லாதபோது என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், "மீதியைச் சொல்லுங்கள். ‘தொடர்பற்ற' பகுதியை" என்றார்.

"நீ சொல்லு" என்றார் அம்மா. "எனக்கு அவ்வளவு இத்தாலியன் வராது."

07:10இலிருந்து. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒர்னெல்லா நிறுத்தினார். நான் சொன்னேன். பேசுபவரின் ‘நான்' மொழிபெயர்ப்பவரின் ‘நான்' ஆக வேண்டும். அதுதான் முறை.

"ஐயா, நான் நிப்பாட்டேல்லை. நீங்கள் நிப்பாட்டுமட்டும் கதைச்சுக்கொண்டுதான் இருப்பன்."

நான் நிறுத்தவில்லை, என்றேன்.

"என்ன கதைக்க? எல்லாம் ஏசி முடிஞ்சுது. ஒண்டு சொல்லட்டே? ஒருத்தருக்கும் சொல்லாதது."

ஒன்று சொல்லட்டுமா, என்றேன்.

"எனக்கொரு பிள்ளை இருக்கு. பிள்ளை இருக்கெண்டா வேலைக்கு எடுக்க மாட்டினமெண்டு இல்லையெண்டனான். ஆறு வயசு. ஆரணி."

எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறாள், என்றேன். ஆறு வயது. பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"இல்லை இல்லையெண்டு சொல்லிச் சொல்லி, இப்ப முகமும் மறக்கப்பாக்குது ஐயா. கண்ணைத் திறவுங்கோ. உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறா தானே. நீங்களும் அவவைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

இதை மொழிபெயர்க்க நேரம் எடுத்தது. ஒர்னெல்லா அவசரப்படுத்தவில்லை. சொல்லி முடித்ததும் அவர் எழுந்து பல்கனிக்குப் போனார். முதுகு மட்டும் தெரிந்தது. நாடா ஓடியது. அவர் அதை நிறுத்த மறந்துவிட்டார். அதனால் மீதியை நான் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது, அம்மா ஊருக்கு எழுதிக் கிழித்த கடிதங்கள், நான் பல் விழுந்து நின்ற படம், அதைக் கோதுமை மா டப்பாவுக்குள் வைத்தது. 11:32. டக்.

திரும்பி வந்த ஒர்னெல்லாவிடம் திங்கட்கிழமை அம்மாவின் குடியுரிமை உறுதிமொழி என்றேன். அவர் யோசித்து, "அச்சகத்திடம் ஒரு வாரம் கேட்கலாம். திங்கள் முடியட்டும்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "இப்பவே எழுது பிள்ளை. அந்த வரியையும் எழுது. இதை ஒளிச்சுவைச்சுக்கொண்டு அங்கை போய்க் கை தூக்கேலாது."

"தடுத்தால்?"

"தடுத்தா மலைக்கு நடக்கத் தெரியும் தானே எனக்கு."

எழுதினேன். ஒர்னெல்லாவின் மேசையில், அவர் அப்பாவின் பேனாவால். 05:11க்கு வந்ததும் இருவரையும் பார்த்தேன். ஒர்னெல்லா கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிப்பு என்று எழுதுங்கள்" என்றார்.

கசெட்டின் உறையை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். மூன்றாவது வரி. அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் இடத்தைக் காட்டினேன். யோ.நா. என்று தமிழில் எழுதினார். மை காயும் வரை ஊதினார்.

செப்டெம்பர் 28, சனி

தாள்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன. அம்மா மா டப்பாவைக் கழுவினார். படம் எங்கே என்று நான் கேட்கவில்லை.

செப்டெம்பர் 30, திங்கள்

நகரசபை. பத்து மணி என்றார்கள், பதினொன்றே கால். பதினான்கு பேர். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நான் திரும்பிப் பார்த்தேன். ஒருமுறை காவலர் ஒருவர் வந்தார். அவர் தன் மனைவிக்காக வந்தவர். இன்னொரு முறை ஒர்னெல்லா. கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

அம்மாவின் பெயரைப் பிழையாக வாசித்தார்கள். எழுந்து போனார். மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். வாக்கியத்தைச் சொன்னார், ஒரு தடங்கலும் இல்லாமல். கைதட்டினார்கள். அதிகாரி கைகுலுக்கினார்.

அம்மா இறங்கவில்லை.

"முடிந்தது, அம்மா" என்றார் அதிகாரி. "போகலாம்."

அம்மா இன்னும் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி, மைக்கை நிறுத்தினேன்.

டக்.

"வா, போவம்" என்றார் அம்மா.